யாக்கோபுக்காகவும் ஜெபிச்சிருப்பாங்க

வாசகர் கடிதம்:

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலஞ்சு வருஷமா நீங்க எழுதறதை படிக்கிறேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன். நான் ஸ்டாஃப் நர்ஸ். போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில நானும் என் தம்பியும் வாக்குத்தத்த கார்டு எடுத்தோம், புது வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் அச்சடிச்ச கார்டு. அவனுக்கு வந்தது 91ம் சங்கீதம் 11ம் வசனம், "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி, உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்." ரொம்ப சந்தோஷமா என்கிட்ட காட்டினான். பத்தொன்பதாவது நாள் செகண்ட் ஷிஃப்ட் முடிச்சுட்டு பைக்ல வரும்போது லைட் போடாம நின்ன லாரியில மோதி அங்கேயே போயிட்டான். ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான். ஸ்டேஷன்ல அவன் பொருளெல்லாம் ஒரு கவர்ல போட்டு கொடுத்தாங்க, பர்ஸுக்குள்ள அந்த கார்டு இருந்துச்சு, ஒரு ஓரம் மட்டும் மடங்கி.

மூணு வாரம் கழிச்சு சர்ச்சுக்கு போனேன். கர்த்தர் தனக்கு செஞ்சதை எழும்பி சொல்ற சாட்சி நேரத்துல ஒரு அண்ணன் எழும்பி, அதே பைபாஸ்ல மயிரிழையில தப்பிச்சேன், கர்த்தர் தூதர்களை அனுப்பி காத்தார்னு சொன்னாங்க. எல்லாரும் ஆமென் சொன்னாங்க. எனக்கு வாயே வரல. வெளியே வரும்போது ஒரு ஆன்ட்டி கையை பிடிச்சுக்கிட்டு, "தம்பி தசமபாகம் ஒழுங்கா கொடுத்துட்டு வந்தானாம்மா"ன்னு கேட்டாங்க.

என் தம்பியை கர்த்தர் ஏன் காக்கல? காலையில என் பையனை ஸ்கூல் வேன்ல ஏத்தும்போது காத்துக்கோங்கப்பான்னு சொல்ல வருது, பாதியில நின்னுடுது. அதுல இனிமே அர்த்தம் இருக்கா? இன்னொன்னு, எனக்கு மஸ்கட்ல ஒரு வேலை வந்திருக்கு. வசனம் எடுத்துப் பாத்து முடிவு பண்ணுன்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு கார்டை தொடவே கை நடுங்குது.

(பேர் போட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்க லெட்டர் வந்து பதினோரு நாளாச்சு, லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோங்க. ரெண்டு தடவை எழுதி அழிச்சேன். துக்க வீட்ல உக்காந்து வசனம் சொல்றது ரொம்ப சுலபம்மா, சொல்லிட்டு நாம எழும்பி வந்துடுவோம், கேட்டவங்க அதோட ராத்திரி முழுக்க தனியா கிடக்கணும். அதனால எது சொன்னாலும் உங்க பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரிதான் சொல்லணும்னு நினைச்சேன்.

முதல்ல அந்த தசமபாக கேள்வியை, வருமானத்துல பத்துல ஒரு பங்கு கொடுத்தானான்னு கேட்டதை, முடிச்சிடறேன், அது உங்க மனசுல இன்னொரு நாள் கூட தங்கக் கூடாது. இதே கேள்வியை இயேசு காலத்துலயே கேட்டிருக்காங்க. சீலோவாம்ல ஒரு கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்துட்டாங்க, லூக்கா 13ல இருக்கு. செத்தவங்க என்ன பாவம் பண்ணாங்களோன்னு ஊர் பேசியிருக்கும். எருசலேம்ல குடியிருக்கற மத்த எல்லாரையும் விட அவங்க குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களான்னு இயேசுவே கேட்டு, அப்படி இல்லைன்னு நேரா சொல்லிட்டார். கோபுரம் ஏன் விழுந்துச்சுன்னு அவர் விளக்கம் கொடுக்கல, ஆனா செத்தவங்க மேல விழ இருந்த பழியை தட்டி விட்டார், அப்புறம் பேச்சை கேட்டுக்கிட்டு நின்னவங்க பக்கம் திருப்பி, நீங்க மனந்திரும்புங்கன்னு சொன்னார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, சுனாமியில நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல செத்தாங்க, வேளாங்கண்ணிக்கு கிறிஸ்மஸுக்காக வந்து கடற்கரையில நின்ன எத்தனையோ குடும்பம் அதுல போச்சு. அவங்க யாரும் பக்தி கம்மியானவங்க இல்ல, ராத்திரி பூசையில முழங்கால் போட்ட ஜனங்க. அந்த ஆன்ட்டி கெட்டவங்களா இருக்க மாட்டாங்க, அவங்களுக்குள்ள ஒரு பயம் இருக்கும், நாம ஒழுங்கா கொடுக்கிறோம் நம்ம வீட்டுக்கு வராதுன்னு ஒரு பிடி வேணும், அந்த பிடியைத்தான் உங்ககிட்ட தேடியிருக்காங்க. ஆனா உங்க தம்பி சாவை அதுக்கு பயன்படுத்த நாம விடக்கூடாது.

இப்ப அந்த கார்டு. 91ம் சங்கீதம் 11, 12. இந்த ரெண்டு வசனத்தையும் சுவிசேஷத்துல யார் சொல்றான்னு பாத்திருக்கீங்களா? பிசாசு. மத்தேயு 4, லூக்கா 4 ரெண்டுலயும் இருக்கு. தேவாலயத்து உப்பரிகையில இயேசுவை நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் ஏந்திக்கொண்டு போவாங்கன்னு எழுதியிருக்கேன்னு சொல்றான். வசனம் பொய் இல்லம்மா, வசனம் கர்த்தரோடதுதான், ஆனா அதை கேரண்டி கார்டு மாதிரி எடுத்துக்கிட்டு "எனக்கு ஒண்ணும் ஆகாது, பார்"னு நிக்கறதுக்கு அவன் கூப்பிடறான். அதுக்கு இயேசு "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக"ன்னு பதில் சொன்னார். குதிக்கல. தூதர்கள் ஏந்துவாங்கன்னு தெரிஞ்சும் குதிக்காதவர், பின்னாடி சிலுவையில ஆணி அடிக்கும்போது, பன்னிரண்டு லேகியோனுக்கு, அதாவது பன்னிரண்டு பெரிய படைக்கு, அதிகமான தூதர்களை பிதாகிட்ட கேக்கலாம்னு அவரே சொல்லியிருந்தும் கூப்பிடல. அந்த சங்கீதத்தை முழுசா வாழ்ந்த ஒருத்தர்னா அவர்தான், அவர் உடம்புல ஆணித் தழும்பு இருக்கு.

அதே சங்கீதத்துல இன்னும் நாலு வசனம் கீழே வாங்க, 15. "ஆபத்தில் நானே அவனோடிருந்து". இந்த வசனத்தை கார்டுல போடறவங்க கூட அந்த முதல் வார்த்தையை கவனிக்கிறதில்ல. கர்த்தர் கூட இருக்கற இடத்தோட பேரே ஆபத்துதான். ஆபத்து வரலன்னா அந்த வார்த்தைக்கு அங்க வேலையே இல்ல. "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும்... விழுந்தாலும், அது உன்னை அணுகாது"ன்னு 7ம் வசனம் இருக்கறதும் உண்மைதான், அதை நான் மறைக்கல, அந்த வசனத்துல நிஜமாவே தப்பிச்சவங்களை நான் பாத்திருக்கேன். ஆனா ஒரு சங்கீதத்துல ஒரு வரியை மட்டும் வெட்டி அட்டையில ஒட்டி, இந்த வருஷம் முழுக்க உனக்கு இதுதான்னு ஒரு பையன் கையில கொடுக்கும்போது, மிச்ச வரியெல்லாம் அவனுக்கு இல்லைன்னு ஆயிடுது. கார்டு கொடுக்கற பழக்கமே தப்புன்னு சொல்ல மாட்டேன், எங்க வீட்லயும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. முழு சங்கீதத்தையும் படிச்சுட்டு கொடுங்கன்னு மட்டும் எல்லா போதகர்கிட்டயும் கெஞ்சி கேக்கறேன்.

எங்க அப்பா பதினாறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து இறந்தாங்க. எங்க அம்மா பதினாறு நாளும் வராண்டாவுல பாய் விரிச்சு இருந்தாங்க. இருந்ததெல்லாம் ஒரு கூடை, ஒரு ஃப்ளாஸ்க், அட்டை கிழிஞ்ச பைபிள், அவ்வளவுதான். நாப்பது நாள் கழிச்சு சர்ச்ல சாட்சி நேரத்துல அம்மா திடீர்னு எழும்பினாங்க, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எங்க வீட்டுக்காரரை பிழைக்க வைக்கணும்னு கேட்டேன், கர்த்தர் வைக்கல. ஆனா அந்த வராண்டாவுல நான் ஒரு ராத்திரி கூட தனியா இல்ல. அதை சொல்லணும்னு தோணுச்சு." உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் யாருக்கும் ஆமென் சொல்ல வரல, இது சாட்சிதானான்னு யோசிச்ச மாதிரி ஒரு அமைதி. பின்னாடி பெஞ்ச்ல ஒரு தாத்தாதான் முதல்ல மெதுவா ஸ்தோத்திரம்னார். என் வாழ்க்கையில நான் கேட்ட பெரிய சாட்சி அதுதான்.

இனி உங்க முதல் கேள்வி, ஏன் காக்கல. தங்கச்சி, அதுக்கு பதில் சொல்றேன்னு யாராவது வந்தா, நான் உட்பட, நம்பாதீங்க. பைபிளே அந்த இடத்துல வாயை மூடிக்குது. அப்போஸ்தலர் 12ம் அதிகாரத்தை ஒரு தடவை பொறுமையா படிங்க. நாம எல்லாரும் அதை இயேசுவோட சீஷன் பேதுரு ஜெயில்ல இருந்து விடுதலையான அதிகாரம்னுதான் சொல்வோம், ஞாயிறு பள்ளியில படம் வரைஞ்சிருக்கோம், ரெண்டு சங்கிலி, ரெண்டு சேவகருக்கு நடுவுல தூக்கம், தூதன் விலாவுல தட்டி எழுப்பறான், இரும்புக் கதவு தானா திறக்குது, ரோதைங்கற பொண்ணு சந்தோஷத்துல கதவை திறக்க மறந்துட்டு உள்ளே ஓடறா. எல்லாம் அழகா விலாவாரியா இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி, அதே அதிகாரத்துல 2ம் வசனம், ஏரோது ராஜா செஞ்சது: "யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான்." முடிஞ்சுது. ஒரே ஒரு வரி. தூதன் வரல, சங்கிலி கழலல.

யாக்கோபு யாரு? இயேசு கூடவே இருந்த மூணு பேர்ல ஒருத்தன், பேதுரு யாக்கோபு யோவான்னு எப்பவும் சேர்த்து சொல்ற அந்த மூணு. இயேசு பிரகாசமா மாறின மறுரூப மலையில இருந்தவன், அவர் பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இருந்தவன். பேதுருவை விட அவன் மேல அன்பு கம்மின்னு சொல்ல முடியுமா? பேதுருவுக்காக சபையார் ஊக்கத்தோட ஜெபம் பண்ணாங்கன்னு 5ம் வசனம் சொல்லுது. யாக்கோபுக்காக என்ன பண்ணாங்கன்னு எழுதல, ஆனா அதே சபை, அதே வீடுங்க, அவங்க யாக்கோபுக்காகவும் ஜெபிச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன், வேற எப்படி இருந்திருக்க முடியும். யாக்கோபோட அம்மா ஒரு நாள் இயேசு முன்னாடி பணிஞ்சு, என் ரெண்டு பிள்ளைங்களும் உம்ம ராஜ்யத்துல வலது பக்கமும் இடது பக்கமும் உக்காரணும்னு கேட்டவங்க. அந்த பேதுரு வெளியே வந்த ராத்திரி, மாற்குவோட அம்மா மரியாள் வீட்ல எல்லாரும் ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருந்த ராத்திரி, அந்த அம்மா எந்த மூலையில உக்காந்திருந்தாங்களோன்னு நான் அடிக்கடி யோசிப்பேன். நீங்க அந்த ஞாயித்துக்கிழமை உக்காந்திருந்த இடம் அதுதாம்மா. அந்த அண்ணன் சொன்ன சாட்சி பொய் இல்ல, அவருக்கு கதவு திறந்துச்சு, அவர் நன்றி சொல்லணும்தான். உங்களுக்கு வாய் வராததும் பாவம் இல்ல. ரெண்டு பேரும் ஒரே அதிகாரத்துல இருக்கீங்க. அப்போஸ்தலர் புஸ்தகத்தை எழுதின லூக்கா அந்த ஒரு வரியை வெட்டாம விட்டதுக்கு நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன், விடுதலை கதை நல்லா இருக்கேன்னு அதை மட்டும் எழுதியிருந்தா உங்களுக்கு பைபிள்ல இடமே இருந்திருக்காது.

திருநெல்வேலி பக்கத்துல டோனாவூர் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். அங்க ஊழியம் செஞ்ச மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895ல இந்தியாவுக்கு வந்தவங்க, திரும்ப சொந்த ஊருக்கு போகவே இல்ல. கோவிலுக்கு பொட்டுக்கட்ட விட இருந்த பொண்ணுங்களையும் கைவிட்ட குழந்தைங்களையும் எடுத்து வளர்த்தாங்க. எத்தனை மிரட்டல், எத்தனை ராத்திரிப் பயணம், அதிலெல்லாம் கர்த்தர் காத்தார்னு அவங்களே எழுதியிருக்காங்க. 1931ல களக்காட்டுல ஒரு வீட்டை பாக்கப் போனாங்க, ஆஸ்பத்திரி வேலைக்காக எடுத்த வீடு, இருட்டற நேரம், புதுசா தோண்டி வச்ச குழியில விழுந்துட்டாங்க. கால் உடைஞ்சுது. அதோட 1951ல சாகற வரைக்கும், ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு ரூம், அந்த ஒரு கட்டில். "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு"ன்னு சங்கீதம் சொல்லுது, கர்த்தருக்காக போன வழியிலேயே அவங்க பாதம் இடறிச்சு. அந்த கட்டில்ல இருந்துதான் அவங்க பல புஸ்தகம் எழுதினாங்க, அதை வலியில கிடக்கறவங்க இன்னைக்கும் படிக்கிறாங்க. அதுக்காகத்தான் கர்த்தர் அவங்களை விழ வச்சார்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி கணக்கு போட்டா உங்க தம்பிக்கும் ஒரு கணக்கு சொல்லணும், எனக்கு அந்த தைரியம் வேண்டாம். விழுந்த இடத்துல அவங்களை விட்டுட்டு போகலன்னு மட்டும் சொல்வேன். கல்லறைக்கல் வேண்டாம்னு சொல்லியிருந்தாங்களாம், பிள்ளைங்க அங்க பறவைங்க தண்ணி குடிக்க ஒரு தொட்டி வச்சிருக்காங்க.

பையனுக்காக ஜெபிக்கிறதுல அர்த்தம் இருக்கான்னு கேட்டீங்க. இருக்கும்மா. எங்க அம்மா அப்பாவை அடக்கம் பண்ண மறுவாரமே, நான் காலேஜுக்கு கிளம்பும்போது வாசல்ல நிறுத்தி தலையில கை வச்சு, "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்"னு சொன்னாங்க, எப்பவும் சொல்ற 121ம் சங்கீதம்தான், ஆனா அன்னைக்கு "உன் வரத்தையும்"ங்கற இடத்துல குரல் உடைஞ்சு, ஒரு நிமிஷம் நின்னு, திரும்ப முதல்ல இருந்து சொன்னாங்க. கை ஈரமா இருந்துச்சு, பாத்திரம் விளக்கிட்டு வந்த கை. கேட்டது கிடைக்காம போன வீட்லயும் மறுநாள் கேக்கலாம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்களும் பாதியில நின்னா நிக்கட்டும். பாதி ஜெபமும் அவர் காதுக்கு போகும். வேன் டிரைவர் ஸ்பீடா போறாரான்னு பாருங்க, பிள்ளைங்களை அளவுக்கு மேல அடைக்கிறாங்களான்னு பாருங்க, கேளுங்க, அதுவும் ஜெபத்தோட சேர்ந்ததுதான்.

மஸ்கட் விஷயத்துக்கு வரேன். வசனம் எடுத்துப் பாத்து முடிவு பண்ண வேண்டாம். கை நடுங்கற நேரத்துல நல்ல வசனம் வந்தாலும் பயமுறுத்தும், பயமுறுத்தற வசனம் வந்தா கேக்கவே வேண்டாம். கர்த்தர் வழிநடத்தறது எப்படின்னு எனக்கு அதிகமா கத்துக்கொடுத்தது அப்போஸ்தலர் 27. இயேசுவைப் பத்தி ஊர் ஊரா சொன்ன அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிக்கு போகணும்னு கர்த்தரே சொல்லியிருக்கார், ஆனா போனது கைதியா, புயல்ல. இப்ப கடல் பயணம் ஆபத்துன்னு பவுல் முன்னாடியே சொன்னார், நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல்காரரையும் நம்பினான். பதினாலு நாள் அலைஞ்சாங்க. ஒரு உயிரும் போகாதுன்னு தூதன் சொன்னதுக்கு அப்புறமும் பவுல் சும்மா உக்காரல பாருங்க, கப்பலாட்கள் படகை இறக்கி ஓடப் பாத்தப்ப, இவங்க கப்பல்ல இல்லன்னா நீங்க தப்ப முடியாதுன்னு சொல்றார், எல்லாரையும் சாப்பிட வைக்கிறார். கடைசியில கப்பல் உடைஞ்சுது, 276 பேரும் கரை சேர்ந்தாங்க, நீச்சல் தெரிஞ்சவங்க நீந்தி, மத்தவங்க பலகை மேலயும் உடைஞ்ச துண்டு மேலயும். எனக்கு அந்த பலகை ரொம்ப பிடிக்கும். கர்த்தர் சொன்ன வார்த்தை ஒரு உடைஞ்ச மரத்துண்டு வழியா நிறைவேறிச்சு. கரைக்கு வந்தும் முடியல, விறகு போடும்போது பாம்பு கவ்வுது, உடனே தீவு ஜனங்க இவன் கொலைகாரன்னு பேசறாங்க, சாகலன்னதும் இவன் தேவன்னு பேசறாங்க. ரெண்டும் தப்பு. வழி அடைச்சா கர்த்தர் சித்தம் இல்ல, திறந்தா சித்தம்னு நாம சொல்ற ரூலும் அந்த மாதிரிதான்.

அதனால உங்க பலகையை நீங்க தேடுங்க. ஏஜென்ட் யாரு, அவருக்கு மத்திய அரசு லைசென்ஸ் இருக்கான்னு முதல்ல பாருங்க, நம்பரை வாங்கி மத்திய அரசோட ஈ-மைக்ரேட் வெப்சைட்ல சரி பாருங்க. நர்ஸுங்களுக்குன்னே தனி விதி இருக்கு, தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல கேட்டுட்டு எந்த காசும் கட்டுங்க. கான்ட்ராக்ட் கையில வராம ராஜினாமா கொடுக்காதீங்க. உங்க அம்மா இப்ப இருக்கற நிலையில, தம்பி போன வீட்ல, யார் கூட இருப்பாங்க, பையன் யார்கிட்ட இருப்பான், உங்க வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், இதெல்லாம் பேசுங்க. முடிஞ்சா மூணு மாசம் தள்ளிப் போடுங்க, துக்கத்துல எடுக்கற முடிவு சில சமயம் ஊரை விட்டு ஓடறதா மட்டும் இருக்கும். இதையெல்லாம் செய்யும்போதே கேளுங்க, "நடத்துங்கப்பா"ன்னு. உங்க ரெண்டு அறிவுள்ள சிநேகிதிங்க சொல்றதை கர்த்தர் பயன்படுத்த மாட்டார்னு யார் சொன்னது?

அந்த கார்டை கிழிக்காதீங்க, பர்ஸ்லயும் வைக்காதீங்க. பைபிள்ல அப்போஸ்தலர் 12ம் அதிகாரம் பக்கத்துல வச்சிடுங்க, மடங்கின ஓரம் அப்படியே இருக்கட்டும். சர்ச்சுல சாட்சி நேரம் வரும்போது ஆமென் வரலன்னா சும்மா உக்காந்திருங்க, யாராவது கேட்டா எனக்கு இன்னும் வரலன்னு சொல்லுங்க. அம்மா பேரும் பையன் பேரும் எழுதி அனுப்புங்க. ராத்திரி எங்க வீட்டு ஜெபத்துல எங்க அம்மா சத்தமா பேர் சொல்லி கேப்பாங்க, அவங்களுக்கு பேர் தெரியணும்.

அன்புடன்,
அண்ணன்